அச்சு மாறியதா, அச்சு தேய்ந்ததா?

தை மாதத்துக் காலை ஒன்றில் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் இளநீர் குடித்துவிட்டு, ஐந்து பத்து ரூபாய்க் காசுகளை எண்ணி நீட்டினேன். இளநீர் வெட்டிய அக்கா நான்கை மடியில் போட்டுக்கொண்டு ஒன்றைத் திருப்பித் தந்தார்.

“இது வாணாம்பா, டூப்பு. கோடு பாரு, நெறைய இருக்குது. நல்ல காசுல பத்துக் கோடுதான் இருக்கும்.”

வாங்கி எண்ணிப் பார்த்தேன். பதினைந்து. அக்கா எண்ணியதில் பிழை இல்லை, முடிவில்தான் பிழை. ₹ குறி 2010-இல்தான் வந்தது. அதை வரைந்த உதயகுமார் நம் கள்ளக்குறிச்சிக்காரர். குறி வருவதற்கு முந்தைய காசில் பதினைந்து கதிர்கள். குறியோடு 2011 முதல் வந்த காசில் பத்து. இரண்டும் அரசு அடித்தவை, இரண்டும் செல்லும். பத்து ரூபாயில் பதினான்கு வடிவங்கள் புழங்குகின்றன, அத்தனையும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிக்கையே விட்டது. அந்த அறிக்கை இளநீர்க் கடைவரை வந்து சேரவில்லை.

வாதாடவில்லை. இருபது ரூபாய் நோட்டு ஒன்றைக் கொடுத்தேன். மீதிக்கு ஐந்து இரண்டு ரூபாய்க் காசுகள் வந்தன. அவற்றில் ஒன்றில் ஆண்டுக்குக் கீழே ஹைதராபாத் நாணயச்சாலையின் நட்சத்திரக் குறி இருக்க வேண்டிய இடத்தில் மழமழவென்று ஒரு வீக்கம் மட்டுமே இருந்தது. அக்கா அதைக் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

அவர் விலக்கிய காசு உண்மையான வகை. அவர் தயங்காமல் தந்த காசு வெறும் தேய்மானம். நாணயம் சேர்க்கத் தொடங்கும் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பதினைந்து கதிரைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு, நட்சத்திரம் மறைந்த காசைப் பஞ்சில் பொதிந்து, உறையில் ‘அபூர்வம்’ என்று எழுதி வைக்கிறார்கள். இந்த அத்தியாயம் அவர்களுக்காக.

அன்று கண்காணிப்புக் கோபுரத்தில் இன்னொன்றும் நடந்தது. கல்லூரி மாணவர் ஒருவர் தன் பட்டியலில் உடலெங்கும் வெள்ளைப் புள்ளி தெறித்த பழுப்புப் பறவை ஒன்றைத் தனி இனமாகக் குறித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற காவலர் எட்டிப் பார்த்து, “அது வேற பறவ இல்ல தம்பி, வக்காவோட குஞ்சு. ரெண்டு வருசம் போனா இதுவும் சாம்பலும் கறுப்புமா ஆயிடும்” என்றார். வயதை இனம் என்று நினைத்துவிடும் அதே தடுமாற்றம்தான் காசிலும். அச்சுக்கும் வயதாகிறது. இளம் அச்சில் பிறந்த காசும் கிழட்டு அச்சில் பிறந்த காசும் பார்வைக்கு வேறு வேறாக இருக்கும். ஆனால் இரண்டும் ஒரே இனம்.

அச்சு என்பது

பட்டறையில் இதை ‘டை’ என்கிறார்கள். காசில் எது மேடோ அது அச்சில் பள்ளம். காசின் சமதளம் அச்சில் உயர்ந்த தளம். இந்தத் தலைகீழ் உறவை மனத்தில் பதித்துக்கொண்டால் இந்த அத்தியாயத்தில் பாதி முடிந்த மாதிரி. காசில் மேடாக ஓடும் கோடு என்றால் அச்சில் விரிசல் அல்லது கீறல். காசில் பள்ளமாக ஓடும் கோடு என்றால் யாரோ கீறியிருக்கிறார்கள், அல்லது சாவிக்கொத்தோடு பையில் கிடந்திருக்கிறது. எத்தனை பேர் சாவிக் கீறலை ‘டை கிராக்’ என்று சொல்லி விற்க முயல்கிறார்கள் என்று எண்ணினால் சிரிப்பு வரும்.

முதலில் ஒரு கலைஞர் பெரிய அளவில் உருவத்தைச் செய்கிறார். எந்திரம் அதைச் சிறிதாக்கிச் செதுக்குகிறது. அதிலிருந்து காசைப் போலவே மேடான உருவம் கொண்ட எஃகுக் கட்டை ஒன்று உருவாகிறது. இதற்குப் பெயர் ஹப். ஹப்பை எஃகில் அழுத்தி எடுப்பதே வேலை செய்யும் அச்சு. ஒரே ஹப்பிலிருந்து பல அச்சுகள் பிறக்கும். ஒவ்வோர் அச்சும் லட்சக்கணக்கில் வில்லைகளை அடித்துத் தள்ளும்.

மனிதக் கை, அறிந்தோ அறியாமலோ, இந்த வரிசையின் எந்தப் படியில் தலையிட்டாலும் வகை பிறக்கும். கதிர்களைப் பதினைந்திலிருந்து பத்தாகக் குறைத்தது மேலிடத்து முடிவு. 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றிபோலத் தெரிகிறது என்று பேச்சு எழ, மறு ஆண்டே யானையைத் திருத்திச் செதுக்கினார்கள். அதுவும் முடிவுதான். சேகரிப்பாளர்கள் இன்றும் முந்தையதைப் ‘பன்றி ரூபாய்’ என்றே அழைக்கிறார்கள். 1985-இல் வெளிநாட்டில் அடித்து வரவழைத்த ஒரு ரூபாய்களில் ஆண்டுக்குக் கீழே ‘எச்’ என்ற எழுத்து இருந்தால், அது பர்மிங்காமின் ஹீட்டன் நாணயச்சாலைக் காசு. அதுவும் திட்டமிட்டு வைத்த குறி. முடிவாக இல்லாமல் கைப்பிழையாக நேர்வதும் உண்டு. ஹப்பை இரண்டாம் முறை அழுத்தும்போது மயிரிழை விலகிவிட்டால், அந்த அச்சில் பிறக்கும் எல்லாக் காசிலும் எழுத்து இரட்டிக்கும்.

தேய்மானத்துக்கு யார் கையும் தேவையில்லை. எண்ணிக்கை மட்டும் போதும்.

எதிரெதிரான இரண்டு தேய்வுகள்

கைமாறிக் கைமாறித் தேயும் காசு உச்சியிலிருந்து தேயும். சிங்கத்தின் நெற்றி, பிடரி, மார்பு ஆகியவை முதலில் வழுக்கையாகும். எழுத்துக்கும் தளத்துக்கும் நடுவிலுள்ள மூலைகள் கடைசிவரை கூர்மையாகவே இருக்கும், ஏனென்றால் விரல் அங்கே போவதில்லை.

அச்சின் தேய்வு வேறு வழியில் போகும். ஒவ்வோர் அடியிலும் வில்லையின் உலோகம் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஓடுகிறது. அப்படி ஓடும்போது அது அச்சில் தளமும் எழுத்தும் சந்திக்கும் விளிம்புகளை அரித்துக்கொண்டே போகிறது. அதனால் கிழட்டு அச்சில் பிறந்த காசில் உச்சி நன்றாக நிற்கும், மூலைதான் குழையும். எழுத்துகள் அடியில் தடித்து, ஓரத்துப் பக்கமாக இழுபட்டு, ஊறவைத்த அரிசிபோல உப்பி நிற்கும். தளத்தில் நடுவிலிருந்து வெளியே ஓடும் நுண்ணிய வரிகளும் தெரியும்; இன்னும் முற்றினால் ஆரஞ்சுப் பழத்தோல்போலச் சொரசொரப்பாகும். இத்தனை குழைந்திருந்தும் காசு புதிதுபோல மின்னலாம். இந்த முரண்தான் உங்கள் முதல் துப்பு. புதுப் பளபளப்பும் மழுங்கிய எழுத்தும் சேர்ந்து வந்தால் முதலில் அச்சின் வயதைச் சந்தேகியுங்கள்.

மூன்றாவதாக ஒன்று நடுவில் வந்து குழப்பும். அடி போதாமல் போனால் உலோகம் அச்சின் ஆழத்தை எட்டாது. அப்போதும் உச்சிதான் வழுக்கையாகும், ஆனால் கைபட்ட வழவழப்பு இருக்காது. அடிக்குமுன் வில்லையில் இருந்த பழைய கரடு அப்படியே மிச்சம் நிற்கும். பத்து மடங்கு லென்ஸில் இது தெளிவாகத் தெரியும்.

இன்றைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகள் துருப்பிடிக்காத எஃகில் அடிக்கப்படுகின்றன. பழைய அலுமினியப் பைசாவைப்போல அது மென்மையானதல்ல, அச்சைச் சீக்கிரம் களைக்க வைக்கும். உங்கள் சட்டைப்பையில் இன்று இருக்கும் சில்லறையே இந்தப் பாடத்துக்கு நல்ல பள்ளிக்கூடம். நூறு ரூபாய்க்கு இரண்டு ரூபாய்க் காசுகளை வாங்கி, ஒரே ஆண்டு, ஒரே சாலைக் குறி உள்ளவற்றைப் பிரித்து வரிசையாக வையுங்கள். இளமையிலிருந்து முதுமைக்கு ஒரு படிவரிசை தானாகவே தெரியும். எந்தப் புத்தகமும் இதைவிட நன்றாகச் சொல்லித் தராது, இதுவும் சேர்த்துத்தான்.

காணாமல் போன குறி

இந்தியச் சேகரிப்பாளரை மிக எளிதாக ஏமாற்றுவது இதுதான் என்பது என் எண்ணம். அதனால் சற்று நின்று பார்ப்போம்.

நம் காசுகளில் ஆண்டுக்குக் கீழே சாலைக் குறி இருக்கும். மும்பைக்குச் சாய்சதுரம், இதைச் சேகரிப்பாளர்கள் ‘வைரம்’ என்பார்கள். ஹைதராபாத்துக்கு நட்சத்திரம். நொய்டாவுக்கு வட்டப் புள்ளி. கொல்கத்தாவுக்குக் குறியே இல்லை. குறி இல்லாததே ஒரு குறி என்ற இந்த ஏற்பாடு அழகானது, ஆபத்தானதும்கூட. குறி சின்னஞ்சிறு குழி என்பதால் எண்ணெயும் உலோகத் தூளும் அதில் எளிதில் அடையும். குழி அடைந்தால் காசில் குறி பிறக்காது. ஹைதராபாத்துக் காசு ஒரே இரவில் கொல்கத்தாக் காசாகிவிடும். பாதி அடைந்தால் நட்சத்திரத்தின் முனைகள் மழுங்கி நொய்டாப் புள்ளியாகும்.

நொய்டா சாலை காசு அடிக்கத் தொடங்கியதே 1988-இல்தான். அதற்கு முந்தைய ஆண்டுக் காசில் வட்டப் புள்ளியைப் பார்த்துவிட்டு ‘இதுவரை யாரும் காணாத நொய்டா’ என்று குதித்தவர்களை நான் அறிவேன். அந்தக் கூட்டத்தில் நானும் ஒரு காலத்தில் இருந்தேன்.

குறி உண்மையில் இல்லையா, அடைந்துபோனதா என்று பார்க்கக் காசை ஒற்றை விளக்கின் கீழ், ஒளி கிடைமட்டமாக விழும்படி சாய்த்துப் பிடியுங்கள். அடைந்த குறி பெரும்பாலும் ஒரு மங்கலான வீக்கத்தை விட்டுச் சென்றிருக்கும். அக்கம்பக்கத்தையும் பாருங்கள். ஆண்டின் எண்களும் அந்த இடத்தில் மங்கியிருந்தால் நோய் குறியை மட்டும் பிடிக்கவில்லை என்று பொருள். அசைக்க முடியாத சான்று இன்னொன்று உண்டு, ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். குறியில்லாத காசில் ஏதாவது விரிசல் கோடு இருந்தால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரம் தெளிவாக உள்ள இன்னொரு காசில் அதே கோடு அதே இடத்தில் கிடைத்துவிட்டால் கதை முடிந்தது. இரண்டும் ஒரே அச்சின் பிள்ளைகள்.

அமெரிக்கர்கள் இதே சிக்கலில் மாட்டி, அதிலிருந்தே ஒரு புகழ்பெற்ற காசைப் படைத்துக்கொண்டார்கள். 1922-இல் அந்நாட்டில் ஒரு சென்ட் காசு அடித்தது டென்வர் சாலை மட்டுமே. எல்லாக் காசிலும் ‘டி’ எழுத்து இருக்க வேண்டும். சிலவற்றில் இல்லை. தேய்ந்தும் அடைந்தும் போன அச்சுதான் காரணம். தேய்மானம் என்று தெரிந்தே அதற்குப் பட்டியலில் இடம் கொடுத்திருக்கிறார்கள், விலையும் பலமாக உண்டு. ஆனால் அங்கேயும் ‘டி’ முற்றிலும் மறைந்த குறிப்பிட்ட அச்சு ஜோடியின் காசுக்குத்தான் அந்த மரியாதை; மங்கலாகத் தெரியும் காசுகளுக்கு விலை சரசரவென்று இறங்கிவிடும். நம் ஊரில் நட்சத்திரம் மறைந்த இரண்டு ரூபாய்க்கு அப்படி ஒரு சந்தை இல்லை. அதை இரண்டு ரூபாய்க்கே செலவழித்துவிடலாம்.

இரட்டித்த எழுத்து

‘டபுள் டை’ என்ற சொல்லைக் கேட்டதும் விலை ஏறுகிறது. அதனால் இரட்டித்த எதையும் அந்தப் பெயரால் அழைக்கிறார்கள். எழுத்து இரட்டிப்பதற்கு மூன்று வழிகள் உண்டு, அவற்றில் ஒன்றுதான் வகை.

ஹப் இருமுறை விலகிப் பதிந்தால் இரண்டு எழுத்தும் முழு உயரத்தில், உருண்டு, திரண்டு நிற்கும். எழுத்தின் முனைகளில் பாம்பு நாக்குப்போலச் சிறு பிளவு தெரியும். எழுத்தின் மொத்த அகலம் கூடியிருக்கும். 1955-ஆம் ஆண்டின் லிங்கன் சென்ட் இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு. லென்ஸ் இல்லாமலே தெரியும்.

அச்சு தளர்ந்து, அடித்த நொடியில் ஆடிவிட்டால் எழுத்தின் பக்கம் நசுங்கிப் படிக்கட்டுப்போலத் தட்டையான ஒரு மேடை உண்டாகும். இதில் அகலம் கூடுவதில்லை. எழுத்திலிருந்தே வெட்டியெடுத்த மேடை என்பதால் மேல் எழுத்து மெலிந்துதான் போயிருக்கும். நம்மூர்ச் சில்லறையில் கிடைக்கும் ‘டபுள் டை’களில் நான் பார்த்த பெரும்பான்மை இதுதான்.

மூன்றாவது, கிழட்டு அச்சின் இரட்டிப்பு. எழுத்தைச் சுற்றி ஓரப் பக்கமாக நிழல் விழுந்ததுபோல இருக்கும், ஒழுங்கு இருக்காது, கூடவே தளத்தில் ஆரஞ்சுத்தோல் இருக்கும். அதே 1955 சென்ட்டில் இந்த நோய் வந்த காசுகளும் உண்டு. அவற்றை அமெரிக்கர்கள் ‘ஏழையின் டபுள் டை’ என்று கிண்டலாக அழைக்கிறார்கள்.

ஒற்றைக் காசை வைத்துக்கொண்டு முடிவு சொல்லாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதன் காரணம் இங்கே இருக்கிறது. இரண்டாவது காசு கிடைத்தால் மூன்றும் தாமாகவே பிரிந்துவிடும். காசுக்குக் காசு அணுவளவும் மாறாமல் அதே இடத்தில் இருந்தால் ஹப். ஒன்றில் இடப்பக்கம், மற்றதில் வலப்பக்கம், இன்னொன்றில் இல்லவே இல்லை என்றால் ஆட்டம். ஒன்றைவிட மற்றதில் முற்றியிருந்தால் வயது.

புள்ளியும் துருவும்

விக்டோரியா காலத்து ரூபாய்கள் சேர்ப்பவர்கள் இந்தப் பகுதியைத் தவறவிட வேண்டாம். அந்தக் காசுகளில் ஆண்டு நகராது. 1840 என்ற எண்ணோடு இருபது ஆண்டுக்கு மேல் அடித்தார்கள். பிறகு 1862 என்ற எண்ணோடு 1873 வரை அடித்தார்கள். 1840 காசை அடையாளம் காண ராணியின் பெயர் தலையைச் சுற்றித் தொடர்ந்து ஓடுகிறதா, இரண்டாகப் பிரிந்து நிற்கிறதா என்று பார்ப்பார்கள்; பூப் பக்கத்து மாலையில் எத்தனை காய்கள் என்று எண்ணுவார்கள். 1862 காசிலோ பம்பாய் சாலை சிறு புள்ளிகளை வைத்து உண்மையான ஆண்டைக் குறித்தது. ஆண்டு எண்ணின் கீழே, மதிப்பைச் சொல்லும் எழுத்தின் மேலே என்று எண்ணி எண்ணி வைத்த புள்ளிகள். ஒரு புள்ளி கூடினால் வகை மாறும், விலையும் மாறும்.

எஃகு அச்சு துருப்பிடித்தால் அச்சில் நுண்குழிகள் விழும். குழி என்றால் காசில் மேடு. அதாவது துருவும் காசில் புள்ளியாகவே பிறக்கும்! வைத்த புள்ளி அரைக்கோளமாக, வழவழப்பாக, எழுத்துகளோடு ஒழுங்கான இடைவெளியில் இருக்கும். துருப்புள்ளி கோணல்மாணலாக, பெரிதும் சிறிதுமாக, கூட்டமாகச் சிதறியிருக்கும். ஒரு புள்ளியைக் கண்டதும் அது இருக்கும் இடத்தை விட்டு ராணியின் கன்னத்தையும் காலித் தளத்தையும் தேடுங்கள். அங்கேயும் புள்ளிகள் இருந்தால் நீங்கள் எண்ணிக்கொண்டிருப்பது துருவை.

காய்களை எண்ணும்போதும் எச்சரிக்கை வேண்டும். தேய்ந்த அச்சில் அடுத்தடுத்த இரண்டு காய்கள் ஒன்றாக உருகும். துருவைத் துடைக்க அச்சை மெருகேற்றியிருந்தால் ஆழமில்லாத காய் அடியோடு மறையும். மெருகேற்றிய அச்சைக் காட்டிக்கொடுப்பது தளத்தில் மேடாக ஓடும் மயிரிழைக் கோடுகள். 1835-ஆம் ஆண்டு நான்காம் வில்லியம் ரூபாயில் கழுத்து வெட்டில் உள்ள எழுத்துகளை வைத்து வகை பிரிக்கிறார்கள். அங்கே எழுத்து இல்லாத காசைக் கண்டால் நான் முதலில் தேடுவது அந்த மயிரிழைகளைத்தான்.

ஐந்தாம் ஜார்ஜின் பிரிட்டிஷ் பென்னியில் இன்னொரு விசித்திரம் உண்டு. மன்னரின் தலை பெரிய மேடாக இருந்ததால் உலோகத்தை அதுவே இழுத்துக்கொள்ள, பின்பக்கத்தில் அந்தத் தலையின் நிழல் ஆவிபோலத் தெரிந்தது. 1928-இல் தலையைச் சிறிதாக்கிய பிறகே அது அடங்கியது. ஆவி தெரிவது வகை அல்ல. தலையைச் சிறிதாக்கியது வகை.

நம் கடற்கரைக் காசுகள்

இதுவரை சொன்னதெல்லாம் எந்திரக் காசு. மாமல்லபுரத்திலிருந்து தெற்கே போனால் கதை மாறுகிறது. சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்கோட்டை, அவர்களுடைய ‘டாய்ட்’ காசுதான் நம் வாயில் ‘துட்டு’ ஆனது என்பார்கள். இன்னும் தெற்கே கடப்பாக்கத்தை ஒட்டி ஆலம்பரைக் கோட்டை. நவாபு கையிலிருந்து 1750-இல் பிரெஞ்சுக்காரர்களிடம் போய், 1760-இல் ஆங்கிலேயரிடம் விழுந்து சிதைந்தது. அந்தக் கோட்டைக்குள் காசு அடிக்கும் சாலை இருந்தது. இப்போது உப்பங்கழியைப் பார்த்து நிற்கும் செங்கல் சுவர்கள்தான் மிச்சம்.

அந்தக் காலத்து வராகனும் ரூபாயும் சம்மட்டியால் கையில் அடித்தவை. வில்லையைவிட அச்சு பெரியது. அதனால் ஒவ்வொரு காசிலும் அச்சின் ஒரு துண்டுதான் விழும். எழுத்து பாதி, உருவம் முக்கால் என்று விழுந்ததை ‘எரர் காயின்’ என்று ஒருவர் உங்களிடம் விற்க வந்தால் அவர் இந்தத் துறைக்குப் புதியவர், அல்லது நீங்கள் புதியவர் என்று நினைத்திருக்கிறார். ஒரு பக்கம் எருதும் மறுபக்கம் இரட்டைப் பாய்மரக் கப்பலும் கொண்ட பல்லவர் செப்புக் காசுகளிலும் இதுதான் நிலை. பாய்மரம் ஒன்றுதான் தெரிகிறது என்றால் மற்றது வில்லைக்கு வெளியே விழுந்திருக்கிறது.

கையால் வெட்டிய அச்சில் ஒவ்வொன்றும் தனி. அப்படிப் பார்த்தால் ஒவ்வோர் அச்சும் ஒரு வகை, அந்தச் சொல்லுக்கே பொருளில்லாமல் போகிறது. எனவே அங்கே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். எத்தனை அச்சுகள், எது முந்தையது, எது பிந்தையது? இந்த இடத்தில், இதுவரை நாம் விரட்டிக்கொண்டிருந்த தேய்மானமே கைவிளக்காகிறது. தலைப் பக்கத்து அச்சில் விரிசல் இல்லாத காசு, மெல்லிய விரிசல் உள்ள காசு, விரிசல் ஓரத்தைத் தொட்ட காசு என்று அடுக்கினால் அடித்த வரிசை கிடைத்துவிடும். அந்த வரிசையின் நடுவில் பூப் பக்கத்து அச்சு மாறியிருந்தால், எந்த அச்சை எப்போது தூக்கியெறிந்தார்கள் என்பதுகூடத் தெரியும். எழுத்தாவணம் இல்லாத ஒரு சாலையின் வேலைநாள்களை இப்படித்தான் படிக்க முடியும். எனக்குப் பன்றி ரூபாயைவிட இதில்தான் ருசி அதிகம்.

எந்திரமும் கைவேலையும் சந்தித்த இடம் சென்னை. தங்கசாலைத் தெரு என்ற பெயருக்குக் காரணமான சாலையை 1869-இல் மூடிவிட்டார்கள். அதற்கு முன், 1807 வாக்கில், கம்பெனி அடித்த வெள்ளி அரை வராகனில் ஒரு பக்கம் கோபுரமும் நட்சத்திரங்களும், மறுபக்கம் சாமி உருவமும், சுற்றிலும் தமிழும் தெலுங்கும் இருக்கும். வெள்ளிக்கு எங்கே போவது? கையில் இருந்த ஸ்பானிய டாலர்களை உருக்காமல் அப்படியே வைத்து மேலே அடித்தார்கள். அதனால் கோபுரத்தின் ஊடே அந்நிய எழுத்தோ வளைவோ எட்டிப் பார்க்கும். அது இரட்டிப்பும் இல்லை, தேய்வும் இல்லை. பழைய காசின் எலும்பு.

அதே காலத்தில் சென்னைக்கென்று பர்மிங்காமில் போல்டனின் சோஹோ ஆலையில் செப்புக் காசு அடித்து அனுப்பினார்கள். அப்படி ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்டனர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டுப் போவதற்குள் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் அந்தக் காசுகளை அள்ளியெடுத்தார்கள். இன்று 1808 என்று எழுதிய பத்துக் காசு, இருபது காசு எங்கும் கிடைப்பதற்கு அதுவே காரணம். பீப்பாயின் நடுவில் இருந்தவை புதிதுபோல இருக்கும். ஓரத்தில் இருந்தவற்றை உப்புத் தின்றிருக்கும். உப்புத் தின்ற காசில் எழுத்து மெலிந்து, தளம் குழி விழுந்து காணும். குழி என்றதுமே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், இது அச்சுக்கு நேர்ந்ததல்ல, காசுக்கு நேர்ந்தது. மாமல்லபுரத்துக் கடற்கரையில் விற்கும் மணலில் உருண்ட காசுகளுக்கும் இதே கணக்குத்தான். மணல் உச்சியையும் மூலையையும் தளத்தையும் பாரபட்சமில்லாமல் அரைக்கும். அதுவே அதன் கையெழுத்து.

கோட்டை மணலைக் கிளறப் போகாதீர்கள். புதையல் சட்டம் 1878-இலிருந்தே இருக்கிறது. மண்ணுக்குள் கிடைத்தது பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் போனாலே ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

கருவிகள், கழுவுதல், காசாசை

பத்து மடங்கு லென்ஸ் போதும். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே, அது. அறுபது மடங்கில் பார்த்தால் எல்லாக் காசும் அதிசயமாகத்தான் தெரியும். நூறில் ஒரு கிராம்வரை காட்டும் தராசு இன்னொன்று. கதிருள்ள பத்து ரூபாய்க் காசு 7.71 கிராம் இருக்க வேண்டும்.

கழுவ வேண்டாம். புளியும் சபீனாவும் பூசைச்சொம்புக்கு. எங்கள் வீட்டில் பாட்டி காலத்துச் செப்புக் காசுகளை யாரோ அன்போடு புளி போட்டுத் தேய்த்து, இளஞ்சிவப்பாகப் பளபளக்க வைத்தார்கள். அந்தக் காசுகளில் வகையைத் தேட இனி எந்த லென்ஸாலும் முடியாது.

வைஷ்ணவி தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சங்கள் தருவதாக வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதை நம்பி ‘பதிவுக் கட்டணம்’ அனுப்பியவர்கள் உண்டு. பழைய காசு வாங்குவதாகத் தன் பெயரைப் பயன்படுத்தி மோசடி நடக்கிறது என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. விற்பவரிடம் முன்பணம் கேட்கும் வாங்குநரை நீங்கள் வேறு எந்தச் சந்தையில் பார்த்திருக்கிறீர்கள்?

உறையில் எழுதும்போது இரண்டு வரி எழுதுங்கள். முதல் வரியில் கண்ணால் கண்டது மட்டும்: ‘ஆண்டின் கீழ் குறி இல்லை, சிறு வீக்கம், எண்கள் மங்கல்.’ இரண்டாம் வரியில் உங்கள் தீர்ப்பு. முதல் வரி பேனாவில், இரண்டாம் வரி பென்சிலில். இளநீர்க் கடையில் கிடைத்த அந்த இரண்டு ரூபாய் என் பெட்டியில் இன்னும் இருக்கிறது. பென்சில் வரியில் ‘ஹைதராபாத், அடைந்த அச்சு?’ என்று எழுதியிருக்கிறேன். அதில் ஓடும் அதே விரிசலோடு நட்சத்திரமும் உள்ள ஜோடி கிடைத்தால் கேள்விக்குறியை அழிப்பேன்.

அக்கா திருப்பித் தந்த பதினைந்து கதிர்க் காசை மதுராந்தகம் பஸ்ஸில் கண்டக்டரிடம் நீட்டினேன். அவர் எண்ணவில்லை, பையில் போட்டுக்கொண்டு டிக்கெட் கிழித்தார்.